கேட்சருக்குப் பதில் ஓடுகிறவள்

கடந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் அதிகாலை இரண்டரை மணிக்கு, கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், கைபேசியைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் நடந்த பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பாலில் ஒரு பள்ளி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அப்போது முந்தைய நாள் மாலை ஐந்து மணி. என் தங்கை மகள் அந்தப் பள்ளி அணியின் கேட்சர்; அதாவது, மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து, பிட்சர் வீசும் பந்தை வாங்குகிறவள். கம்பிவலைக்குப் பின்னால் நின்றபடி தங்கை எனக்காகவே வீடியோ அழைப்பில் ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து, அதில் பாதிக்கும் மேற்பட்ட காலம் சேலத்துப் பெண்பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், எனக்குத் தூக்கம் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

சாஃப்ட்பாலில் ஒவ்வொரு இன்னிங்ஸும் இரண்டு பாதி; ஒவ்வோர் அணியும் மூன்று அவுட் விழும்வரை ஒரு பாதி பேட் செய்யும். அடித்தவள் மூன்று பேஸ்களைச் சுற்றி, பேட் செய்யும் இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். இரண்டாவது இன்னிங்ஸில் அவள் பந்தை ஷார்ட் ஸ்டாப் என்ற தடுப்பாட்டக்காரியைத் தாண்டி அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடிச் சேர்ந்தாள். நான் கைதட்டி முடிப்பதற்குள் அவர்களுடைய கோச் அம்பயரிடம் ஏதோ சொன்னார். பெஞ்சிலிருந்து ஒரு சின்னப் பெண் ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டு ஓடி வந்து முதல் பேஸில் நின்றாள்; எங்கள் பெண் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டாள். சரி, ஒரு மாற்றம் போயிற்று, அடுத்து மீண்டும் உள்ளே வருவாள் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். வந்தாள். நான்காவது இன்னிங்ஸில் அவள் மறுபடியும் பேஸில் ஏறினாள். மறுபடியும் அதே சின்னப் பெண் அவளுக்காக ஓட வந்தாள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. மீண்டும் உள்ளே வருவது ஒரே ஒரு முறைதானே, இனி இந்த ஆட்டத்தில் அவள் கேட்சராக உட்கார முடியாதே, அந்தக் கோச்சுக்கு இது கூடவா தெரியாது என்று தங்கையிடம் கத்திவிட்டேன். ஆனால் அடுத்த பாதியில் அவள் முகமூடி, மார்புக்கவசம், கால்கவசம் எல்லாம் அணிந்துகொண்டு ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் சாவகாசமாகக் குந்தினாள். அம்பயர் ஒன்றும் சொல்லவில்லை. எதிரணிக் கோச்சும் ஆட்சேபிக்கவில்லை.

ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் அவளே பேசினாள். "அது சப்ஸ்டிட்யூஷனே இல்ல பெரியம்மா. அவ கர்ட்டசி ரன்னர். நான் ஆட்டத்தை விட்டு வெளிய போகவே இல்ல." நான் சிறிது நேரம் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வாக்கியம் என்னை நேராக 2006-ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அந்த ஆண்டு பள்ளிகளுக்கிடையேயான ஒரு போட்டியில் எங்கள் அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் கேட்சர் பதினொன்றாம் வகுப்பு மாணவி. அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர். அவளிடம் இருந்த கால்கவசம் பள்ளியின் பழைய சொத்து. இடது காலில் மூன்றாவது கொக்கி உடைந்து போயிருந்ததால், அந்த இடத்தில் ஒரு துண்டு பாவாடை நாடாவைக் கோத்து இரட்டை முடிச்சுப் போட்டிருப்பாள். ஒவ்வொரு முறை கவசத்தைக் கழற்றும்போதும் அந்த முடிச்சை அவிழ்த்து, அணியும்போது மறுபடியும் போட வேண்டும். மூன்றாவது இன்னிங்ஸில் அவள் பேஸில் ஏறியதும், ஓட்டத்தில் சற்று மந்தமானவள் என்பதால், வேகமாக ஓடும் ஒரு பெண்ணை மாற்றாக இறக்கினேன். அடுத்த பாதியில் கேட்சரை மீண்டும் உள்ளே கொண்டுவந்தேன். அது விதிப்படி சரி. ஆறாவது இன்னிங்ஸில் அதே சூழ்நிலை வந்தபோது அதையே மறுபடியும் செய்தேன். மாற்றாக ஓடியவள் ரன் எடுத்தாள். ஐந்துக்கு நான்கு என்று நாங்கள் முன்னிலை பெற்றோம். எதிரணி பேட் செய்ய வந்தபோது, கேட்சரை மீண்டும் இறக்குவதாக அம்பயரிடம் சொன்னேன். அவர் ஸ்கோர் தாளைப் பார்த்துவிட்டு, ஒரு வீராங்கனை ஒரே ஒரு முறைதான் மீண்டும் உள்ளே வர முடியும், அந்த வாய்ப்பு மூன்றாவது இன்னிங்ஸோடு முடிந்துவிட்டது என்றார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மறுவருகை உண்டு என்று நான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். சென்டர் ஃபீல்டில் நின்ற பெண்ணுக்குக் கவசத்தை மாட்டி உட்கார வைத்தோம். கேட்சராக அவள் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. இரண்டு பந்துகள் அவள் கையுறையைத் தாண்டிப் போயின. இரண்டு பேர் ஹோம் பிளேட்டைத் தொட்டார்கள். ஆறுக்கு ஐந்து என்று தோற்றோம்.

ஆட்டம் முடிந்த பிறகு எங்கள் கேட்சர் என்னிடம் வந்து கோபமில்லாமல் ஒன்றே ஒன்று கேட்டாள்: "நான் ஓட முடியாதுன்னு சொல்லவே இல்லீங்களே டீச்சர்?" அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. அதனால்தான் தங்கை மகளிடம் அந்த விதியை வரி வரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. தொடர்ந்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், அவளுக்குச் சனிக்கிழமை இரவாக இருந்த நேரத்தில், விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களின் விதிகளை எழுதுவது, 1920-இல் தொடங்கி, இப்போது இண்டியானாபோலிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிவரும் மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு. முதலில் மாற்று ஆட்டக்காரர் விதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது புரியாமல் மற்றது புரியாது. ஆட்டத்தைத் தொடங்கிய எந்த வீராங்கனையும் ஒரு முறை வெளியே போய் ஒரு முறை திரும்பி வரலாம். ஆனால் பேட்டிங் வரிசையில் எந்த எண்ணில் இருந்தாளோ அதே எண்ணுக்குத்தான் திரும்ப வேண்டும். நான்காவதாக பேட் செய்கிறவளுக்குப் பதிலாக ஒருத்தி வந்தால், அந்த நான்காவது இடத்தில் இருவரில் ஒருவர்தான் எந்த நேரத்திலும் ஆட்டத்தில் இருக்க முடியும். களத்தில் எந்த இடத்தில் நிற்பது என்பதில் கட்டுப்பாடு இல்லை. மூன்றாவது பேஸில் நின்றவள் திரும்பி வந்து லெஃப்ட் ஃபீல்டில் நிற்கலாம். வரிசை எண் மட்டும் மாறக்கூடாது. வாலிபால் ஆடியவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். அங்கேயும் ஒரு செட்டில், தொடங்கிய ஆட்டக்காரர் ஒரு முறை வெளியே போய், தனக்குப் பதிலாக வந்தவரின் இடத்துக்கே ஒரு முறை திரும்பலாம். 2006-இல் நான் செய்த தவறு இந்தக் கணக்கில்தான். வாலிபாலை ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த ஒப்புமை அன்று மனத்தில் படவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

இனி கர்ட்டசி ரன்னர். நம் தெருக் கிரிக்கெட்டில் 'பை ரன்னர்' என்போமே, அதைப் போல ஒன்று என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இரண்டும் வேறு. கிரிக்கெட்டில் ரன்னர் என்பவர் காயம்பட்ட பேட்ஸ்மேனுக்காக ஓடுகிறவர். ஆடும் பதினொருவரில் ஒருவராகவும், முடிந்தவரை ஏற்கெனவே பேட் செய்து முடித்தவராகவும் இருக்க வேண்டும். சர்வதேச ஆட்டங்களில் அந்த வசதியை 2011-இல் நீக்கியும் விட்டார்கள். கர்ட்டசி ரன்னருக்குக் காயம் காரணமே அல்ல. பிட்சரோ கேட்சரோ பேஸில் ஏறினால், நலமாக இருந்தாலும் சரி, அவளுக்காக ஓட அணி இன்னொருத்தியை அனுப்பலாம். அதனால் பிட்சரும் கேட்சரும் ஆட்டத்தை விட்டு விலகியதாக ஆகாது. அவர்களுடைய மறுவருகை வாய்ப்பிலிருந்து எதுவும் குறையாது. வாலிபாலில் 1998-இல் வந்த, பின்வரிசையில் மட்டும் ஆடும் தடுப்பாட்டக்காரரான லிபரோவின் உள்ளே வெளியே போக்குவரத்து எப்படி ஆறு மாற்றங்களின் கணக்கில் சேராதோ, அப்படியே இதுவும் மாற்றங்களின் கணக்குக்கு வெளியே நிற்கிறது.

எல்லாவற்றையும் விட என்னைக் கவர்ந்தது, யார் ஓடலாம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனை. அந்த ஆட்டத்தில் வேறு எந்த வகையிலும் பங்கேற்காத பெண்தான் ஓட முடியும். தொடக்க அணியில் இருந்தவள் வெளியே வந்து உட்கார்ந்திருந்தாலும் ஓடக்கூடாது. ஏற்கெனவே மாற்றாக இறங்கிப் போனவளும் ஓடக்கூடாது. அதாவது, பெஞ்சில் உட்கார்ந்து இன்னும் தன் முறை வராதவள் மட்டுமே. இன்றைய சர்வதேச விதிநூலில் உள்ள தற்காலிக ஓட்டக்காரர் என்ற ஏற்பாட்டோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே இரண்டு பேர் அவுட் ஆன பிறகு, பேஸில் நிற்கும் கேட்சருக்கு மட்டும், பேட்டிங் வரிசையில் தன் முறை வர அதிக நேரம் இருக்கும் ஆட்டக்காரர் ஓடுவார். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவரே இன்னொரு வேலையையும் செய்கிறார். பள்ளி விதியோ பெஞ்சைப் பார்த்து, அங்கே யார் இன்னும் எழவில்லை என்று கேட்கிறது. பள்ளி ஆட்டத்துக்கு இதுவே பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்குள் இருக்கும் நுணுக்கங்களில்தான் கோச்சுகள் தடுமாறுகிறார்கள். பிட்சருக்காக ஓடிய பெண் அதே ஆட்டத்தில் கேட்சருக்காக ஓட முடியாது. இருவருக்கும் தனித்தனி ஆள் வேண்டும். கர்ட்டசி ரன்னராக ஓடியவளை அதே அரை இன்னிங்ஸில் வேறொருத்திக்கு மாற்றாகவும் இறக்க முடியாது. அடுத்த பாதியிலிருந்து இறக்கலாம். ஆனால் ஒரு முறை மாற்றாக இறங்கிவிட்டால் அதன்பின் அவள் கர்ட்டசி ரன்னர் அல்ல. ஓடிக்கொண்டிருந்தவளுக்கே அடிபட்டு, ஓடத் தகுதியுள்ள வேறு பெண்ணும் இல்லையென்றால், யாருக்காக ஓடினாளோ அந்த பிட்சரோ கேட்சரோ திரும்பி வந்து பேஸில் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் அம்பயரிடம் முறைப்படி தெரிவித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

இனி, பிட்சர் யார், கேட்சர் யார் என்ற கேள்வி. அது என்ன கேள்வி, கவசம் போட்டிருப்பவள் கேட்சர் என்று தோன்றும். ஆனால் அணி பேட் செய்யும் நேரத்தில் யாரும் கவசத்தில் இல்லை. ஆட்டத்தில் முதலில் பேட் செய்யும் அணிக்கு, முதல் இன்னிங்ஸில் இன்னும் யாருமே பந்து வீசவில்லை. ஆகவே அம்பயரிடம் கொடுத்த வரிசைத் தாளில் யார் பெயருக்கு எதிரே பிட்சர், கேட்சர் என்று எழுதியிருக்கிறதோ அவர்களே. அதற்குப் பிறகு, களத்தில் கடைசியாக அந்த இடத்தில் நின்று ஆடியவர் யாரோ அவர். மூன்று இன்னிங்ஸ் பந்து வீசிவிட்டு நான்காவதில் முதல் பேஸுக்குப் போய்விட்ட பெண்ணுக்கு, அந்த இன்னிங்ஸில் அவள் அணி பேட் செய்ய வரும்போது இந்த வசதி கிடையாது. அவளிடமிருந்து பந்தை வாங்கி வீசியவளுக்கே உண்டு.

சிக்கலின் உச்சம் டி.பி. (டெசிக்னேட்டட் பிளேயர்), ஃபிளெக்ஸ் என்ற இரட்டையரிடம் இருக்கிறது. பேட் செய்யாமல் களத்தில் மட்டும் ஆடும் ஒருத்தியை ஃபிளெக்ஸ் என்று தாளில் பத்தாவதாக எழுதுவார்கள். அவளுக்குப் பதிலாக பேட் செய்கிறவள் டி.பி. இருவரும் சேர்ந்து களத்தில் நிற்கலாம். ஆனால் பேட் செய்யும் பக்கத்தில் இருவரும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. பெரும்பாலும் பிட்சரே ஃபிளெக்ஸாக இருப்பாள். டி.பி. அடித்து முதல் பேஸில் ஏறியதும், பிட்சருக்காக பேட் செய்தவள்தானே, அவளுக்கும் கர்ட்டசி ரன்னர் தரலாமே என்று கோச்சுகள் கேட்பார்களாம். தர முடியாது. சலுகை பந்து வீசும் உடம்புக்குத்தான், அவளுக்குப் பதிலாக மட்டை பிடிப்பவளுக்கு அல்ல. தங்கை மகள் இதை விளக்கியபோது நான் மூன்று முறை திரும்பக் கேட்டேன். நான்காவது முறை அவள் சமையல்மேடையில் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்திக் காட்டினாள், அப்போதுதான் பிடிபட்டது.

ஏன் இந்த இருவருக்கு மட்டும் என்று கேட்டால், நேரம் என்பதே முதல் பதில். மூன்றாவது அவுட் விழும்போது கேட்சர் இரண்டாவது பேஸில் நின்றுகொண்டிருந்தால், அவள் ஓடி வந்து, இரண்டு கால்களிலும் கவசத்தைக் கட்டி, மார்புக்கவசத்தை மாட்டி, முகமூடியை எடுத்துக்கொண்டு போகும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஏழு இன்னிங்ஸிலும் இப்படிக் காத்திருந்தால், வெளிச்சம் மங்குவதற்குள் முடிக்க வேண்டிய மாலை ஆட்டம் என்ன ஆகும்? இரண்டாவது பதில் உடம்பு. சேலத்தில் மார்ச் மாத வெயிலில், கவசத்துக்குள் குந்தி எழுந்து குந்தி எழுந்து ஒரு பெண் நூறு பந்துக்கு மேல் வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, அவளுக்கு இரண்டு நிமிடம் நிழல் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

மந்தமாக ஓடும் கேட்சருக்குப் பதிலாக வேகமானவளை அனுப்பி ஆதாயம் தேடுகிறார்களே, அது நியாயமா என்று உடற்கல்வித் துறை நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. அந்த வேகமானவளும் ஒரு குழந்தைதான், அவளும் பயிற்சிக்குத் தினமும் வந்தவள்தான். என் கவலை வேறு. வேறொருத்தி ஓடலாம் என்ற அனுமதியைக் கட்டாயம் போல ஆக்கிவிட்டால், கேட்சராக இருக்கும் பெண் நான்கு ஆண்டுப் பள்ளி ஆட்டத்தில் பேஸ் ஓட்டத்தையே கற்காமல் போய்விடுவாள். தங்கை மகள் சில ஆட்டங்களில் தானே ஓடிக்கொள்கிறேன் என்று கோச்சிடம் சொல்லிவிடுவாளாம், அவரும் விட்டுவிடுவாராம். அதைக் கேட்டபோது அந்தக் கோச்சின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை வந்தது. அவள் சொல்லுக்குக் காது கொடுக்கும்படி விதி சொல்லவில்லை, அவர் கொடுக்கிறார்.

பெஞ்சில் மூன்றே பேர் இருக்கும் சிறிய பள்ளிக்கு இது பெரிய கணக்கு. ஒருத்தி பிட்சருக்கு, ஒருத்தி கேட்சருக்கு என்று ஒதுக்கிவிட்டால், யாருக்காவது அடிபட்டால் இறக்க ஒருத்திதான் மிச்சம். அவளும் இறங்கிய பிறகு இன்னொருத்தி தேவைப்பட்டால், ஓட்டக்காரிகளில் ஒருத்தியை இழக்க வேண்டும். ஆகவே கோச் ஆட்டம் தொடங்கும் முன்பே, யார் எதற்கு, யாரைக் கடைசிவரை தொடாமல் வைத்திருப்பது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நானும் இப்போது ஒரு நோட்டில் அப்படித்தான் எழுதுகிறேன். இடப்பக்கம் பேட்டிங் வரிசை, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வெளியே போனதற்கு ஒரு கட்டம், திரும்பி வந்ததற்கு ஒரு கட்டம். வலப்பக்கம் பெஞ்சில் இருப்பவர்களின் பெயர்கள், அவர்களுக்கு நேராக 'பி' அல்லது 'கே'. திரும்பி வந்ததற்கான கட்டத்தை மட்டும் சிவப்பு மையில் நிரப்புகிறேன்.

நம் ஊரில் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகள் அவற்றுக்குரிய விதிப்படிதான் நடக்கும். அதில் நாம் கை வைக்க முடியாது. ஆனால் நட்பு ஆட்டங்களில் இரண்டு அணிகளும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஓய்வுக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் பயிற்சி தரும் பெண்களையும், இன்னொரு ஆசிரியையின் அணியையும் வைத்து ஜூன் மாதத்தில் அப்படி ஓர் ஆட்டம் நடத்தினோம். முதல் நாள் மாலை இரண்டு அணிகளையும் உட்கார வைத்து விதியைத் தமிழில் சொன்னேன். பிட்சரையும் கேட்சரையும் தனியாக அழைத்து, உங்களுக்காக வேறொருத்தி ஓடட்டுமா, நீங்களே ஓடுகிறீர்களா என்று கேட்டேன். எங்கள் பிட்சர் தானே ஓடுவதாகச் சொன்னாள். கேட்சர் சற்று யோசித்துவிட்டு, "ரெண்டு அவுட் ஆயிட்டா மட்டும் அவ ஓடட்டும் மிஸ், இல்லாட்டி நானே ஓடறேன்" என்றாள்.

மறுநாள் சேர்வராயன் மலை மேல் மேகம் இறங்கியிருந்தது, வெயில் இல்லை. மூன்றாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட் ஆன பிறகு கேட்சர் இரண்டாவது பேஸ் வரை அடித்தாள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அதுவரை எந்த ஆட்டத்திலும் இறங்காதவள், பெஞ்சிலிருந்து எழுந்தாள். ஓடுவதற்கு முன் ஷூ லேஸை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினாள். அடுத்த பேட்டர் அடித்த பந்து ரைட் ஃபீல்டுக்குப் போனதும் அவள் மூன்றாவது பேஸில் நிற்கவே இல்லை. நான் நிற்கச் சொல்லிக் கை காட்டியதைப் பார்க்காமலே ஹோம் பிளேட் வரை ஓடி, அதன்மேல் இரண்டு கால்களையும் வைத்து நின்றாள். எங்கள் கேட்சர் புங்கமரத்து நிழலில் குனிந்து கால்கவசத்தின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே, தலையை மட்டும் தூக்கி அவள் பெயரைச் சொல்லிக் கூவினாள். அதற்கடுத்த பெண் அடித்தது நேராக பிட்சர் கைக்குப் போய் மூன்றாவது அவுட் விழுந்தபோது, எங்கள் கேட்சர் முகமூடியைக் கையில் பிடித்தபடி ஹோம் பிளேட்டுக்குப் பாதி தூரம் வந்திருந்தாள். எதிரணியின் முதல் பேட்டர் இன்னும் ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.